புலிக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு

உங்கள் வீட்டில் யாராவது சமையலைப் புகழ்ந்தால் உடனே நம்பிவிடுவீர்களா, வாசக நேயர்களே? நான் நம்ப மாட்டேன். எங்கள் வீட்டில் "பேஷ், பிரமாதம்!" என்ற வார்த்தை வருவதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று, சமையல் நிஜமாகவே நன்றாக அமைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், சாப்பிடுகிறவருக்கு ஆபீசுக்கு நேரமாகியிருக்க வேண்டும். ஆகவே பாராட்டு வந்ததும் ஒரு கரண்டி சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நானே ருசி பார்த்துவிடுவது வழக்கம்.

சாம்பார் விஷயத்தில் இத்தனை உஷாராக இருக்கிற நான், ஒரு புலி விஷயத்தில் நன்றாக ஏமாந்துபோனேன். ஏமாற்றியது புலி அல்ல, பாராட்டு. அந்தச் சமாசாரத்தைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஏப்ரல் மாதம், மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டுக்குப் போயிருந்தேன். காட்டின் பெயர் இப்போது வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப்போகத் தெரியும். வெயில் கொளுத்துகிற மாதத்தில் யாராவது காட்டுக்குப் போவார்களா என்று கேட்பீர்கள். புலியைப் பார்க்க நினைக்கிறவர்கள் அப்போதுதான் போவார்கள். இலை உதிர்ந்து காடு வெறிச்சென்று இருக்கும். எட்ட நிற்கிற மிருகமும் கண்ணில் படும். குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றிவிடுவதால், எங்கே தண்ணீர் மிச்சம் இருக்கிறதோ அங்கே புலி வந்துதான் ஆகவேண்டும்.

நான்கு நாட்கள் இருந்தேன். 612 படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்று என்னை அப்படியே மயக்கிவிட்டது. ஒரு பெண் புலி. படம் முழுவதும் அதன் முகம்தான். என்னையே நேராகப் பார்க்கிறது. வாய் லேசாகத் திறந்து பற்கள் தெரிகின்றன. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டடி அகலத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

பாராட்டு மழை கொட்டியது. "இதற்குத் திருஷ்டி சுற்றிப் போடவேண்டும்" என்றாள் அம்மா. புலிக்கா, எனக்கா என்று சொல்லவில்லை. "அட்டைப்படமாகவே போடலாம்" என்றார் ஆபீஸ் நண்பர் ஒருவர். குடும்ப வாட்ஸப் குழுவில் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருக்கோடி ஸ்டூடியோ மாமா வீட்டுக்கு வந்தார்.

* * *

மாமாவுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் அதை உபயோகிப்பதில்லை. திருவல்லிக்கேணியில் நாற்பது வருஷங்கள் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். என் பெற்றோரின் கல்யாணப் படம், என் ஆண்டு நிறைவுப் படம், தம்பியின் முதல் மொட்டைப் படம் எல்லாம் அவர் எடுத்தவைதான். வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையைத் தவிர வேறெங்கும் அவர் புலியைப் பார்த்ததில்லை.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றி ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா கொடுத்த காப்பி ஆறியே போய்விட்டது.

"புலி இருக்கிறது" என்றார் கடைசியில்.

"ஆமாம் மாமா!" என்றேன் பூரிப்புடன்.

"கண்தான் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மாமா சொன்னது நிஜம். முகத்துக்கு முன்னால் இருந்த காய்ந்த புல் ஊசி ஊசியாகத் துல்லியமாக விழுந்திருந்தது. கண் மட்டும் பனி மூடிய மாதிரி மங்கலாக இருந்தது. இத்தனை நாளாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கண்ணைப் பார்க்கவே இல்லை.

"மனுஷனோ மிருகமோ, முகப்படம் என்றால் கண் தெளிவாக இருக்கவேண்டும். கண் சரியாக விழுந்தால் காது மங்கினால்கூட யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்தது, நீ மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்திருக்கிறாய். ஜீப்பில் நின்றுகொண்டா?"

"ஆமாம்."

"அதனால்தான் புலி பூனையாகிவிட்டது. குழந்தைகளைப் படம் எடுக்கும்போது நான் தரையில் மண்டியிடுவேன், பார்த்திருக்கிறாயே? எதிரே இருப்பவரின் கண் மட்டத்துக்கு நாம் இறங்கினால்தான் அவருக்கு மரியாதை. அப்புறம், தலைக்குப் பின்னால் ஒரு குச்சி. கொம்பு முளைத்த மாதிரி இருக்கிறது. இடது பக்கம் மீசை வெட்டுப்பட்டிருக்கிறது."

அவர் பேசப்பேச, கூடத்தில் மாட்டியிருந்த என் பெருமை ஒவ்வோர் அங்குலமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவோடு விட்டிருந்தால் நான் தேறியிருப்பேன். மாமா விடவில்லை.

"இந்தக் காது ஏன் இப்படி இருக்கிறது?"

"எப்படி?"

"என் வீட்டுப் பூனை காதை இப்படி வைத்துக்கொண்டு என்னைப் பிறாண்டாமல் விட்டதே இல்லை. குழந்தையை மிரட்டி நாற்காலியில் உட்காரவைத்தால், அது அழுவதற்கு அரை நிமிஷம் முன்னால் இருக்கிற முகம் இது. நிம்மதியாக இருக்கிற ஜீவனின் முகமா இது? நீ என்னம்மா செய்தாய் அதை?"

* * *

நான் என்ன செய்தேன்? அன்றைக்கு மாமாவிடம் மழுப்பிவிட்டேன். உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

காலை ஆறரை மணி. காட்டுப் பாதையில் ஒன்பது ஜீப்புகள் நின்றன. பாதைக்கு இடப்பக்கம் மூங்கில் புதர். வலப்பக்கம் ஒரு குட்டை. புதரிலிருந்து அந்தப் பெண் புலி வெளியே வந்தது. இரண்டடி எடுத்து வைத்தது. ஒரு ஜீப் முன்னால் நகர்ந்தது. புலி பின்வாங்கிச் சற்று நேரம் உட்கார்ந்தது. மறுபடி எழுந்து வேறு பக்கமாக வந்தது. அங்கேயும் ஒரு ஜீப்.

எங்கள் வழிகாட்டி, "கொஞ்சம் பின்னால் போய் வழி விடலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் டிரைவரிடம், "இன்னும் பத்தடி முன்னால் போனால் முகம் நேராகக் கிடைக்கும்" என்றேன். அவர் பாவம், வந்தவர்கள் மனம் கோணக்கூடாது என்று முன்னால் போனார். புலி திரும்பிற்று. காதைத் திருப்பிற்று. பல்லைக் காட்டிற்று. நான் படபடவென்று இருபத்துநான்கு படங்கள் எடுத்தேன். புலி மூங்கில் புதருக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

தண்ணீர் குடிக்காமல் போய்விட்டது. இதை அன்று நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். படம் கிடைத்த சந்தோஷத்தில் அது மனசில் தங்கவில்லை.

புலியின் காதுக்குப் பின்புறம் கருப்பாக இருக்கும். அதன் நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு உண்டு. புலி சாதாரணமாக இருக்கும்போது, நேரே நின்று பார்க்கிறவருக்கு அந்தப் பொட்டு தெரியாது. கோபமோ பயமோ வந்தால் காதை மடித்துத் திருப்பும்; அப்போது பொட்டு முன்னால் தெரியும். 'நெருங்காதே' என்பதற்குப் புலி பாஷையில் அதுதான் வார்த்தை. என் படத்தில் இரண்டு பொட்டும் அழகாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் நான் விரலால் சுட்டிக்காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்!

இதைக் கேட்ட என் தம்பி சமாதானம் சொன்னான். "இதற்கெல்லாமா வருத்தப்படுவது? கம்ப்யூட்டரில் அந்தக் குச்சியை அழித்துவிடலாம். காதைக்கூட நிமிர்த்திவிடலாம்." செய்யலாம்தான். ஆனால் வனவிலங்குப் படப் போட்டிகளை நடத்தும் பெரிய சங்கங்கள், படத்தில் இருப்பதை அழிப்பதையும் இல்லாததைச் சேர்ப்பதையும் ஒப்புக்கொள்வதில்லை. கூண்டு மிருகத்தைக் காட்டு மிருகம் என்று காட்டுவதையும் ஏற்பதில்லை. லண்டனில் இயற்கை வரலாற்று மியூசியம் நடத்தும் போட்டியில் 2009-ல் முதல் பரிசு பெற்றது, ஓர் ஓநாய் வேலிக் கதவைத் தாண்டும் படம். அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாகத்தான் இருக்கவேண்டும் என்று நடுவர்கள் முடிவு கட்டி, 2010 ஜனவரியில் பரிசை ரத்து செய்துவிட்டார்கள். தவிர, படத்தில் காதை நிமிர்த்திவிட்டால் அன்றைக்குக் குடிக்காமல் போன தண்ணீர் புலிக்குக் கிடைத்துவிடுமா?

படத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். நாலைந்து நாள் மாமா மேல் கோபமாகக்கூட இருந்தேன். பிறகு கோபம் ஆறிப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

* * *

ஒரு காலத்தில் புலிப்படம் என்றால் என்ன தெரியுமா? செத்த புலி. அதன் தலைமேல் ஒரு பூட்ஸ் கால். பூட்ஸுக்கு மேலே ஒரு துரை அல்லது மகாராஜா. கையில் துப்பாக்கி. சுற்றிலும் ஆட்கள். பழைய ஆல்பங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். புலி வேட்டை என்பது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்காக இருந்த நாட்கள் அவை.

அந்த நாட்களில் வடக்கே ஐக்கிய மாகாணத்தில், இமயமலை அடிவாரக் காடுகளில், சாம்பியன் என்று ஒரு வெள்ளைக்கார வன அதிகாரி இருந்தார். முழுப்பெயர் பிரடெரிக் வால்டர் சாம்பியன். துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்துக்கொண்டவர். புலி இரவில் நடக்கும் பாதையில் காமிராவை மறைத்துவைத்துக் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டிவிடுவார். புலியின் கால் பட்டதும் வெளிச்சம் பளிச்சிடும், படம் விழும். தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு புலி போய்க்கொண்டே இருக்கும்! 1925-ல் லண்டனிலிருந்து வெளிவந்த ஒரு பிரபல சித்திர வாரப் பத்திரிகை இந்தப் படங்களை வெளியிட்டது. 1927-ல் அவை புத்தகமாகவும் வந்தன.

அந்தப் படங்களை வைத்துக்கொண்டு சாம்பியன் இன்னொன்றும் கண்டு சொன்னார். ஒரு புலியின் கோடுகள் மாதிரி இன்னொரு புலிக்கு இராது. நம் கைரேகை மாதிரிதான். இன்றைக்கு நம் நாட்டில் புலிகளைக் கணக்கெடுப்பது இந்த ஆதாரத்தின் மேல்தான். பாதையின் இரு பக்கமும் ஜோடியாகத் தானியங்கிக் காமிராக்களைக் கட்டுகிறார்கள். எதற்கு இரண்டு என்றால், புலியின் இடது பக்கக் கோடு வேறு, வலது பக்கக் கோடு வேறு. 2018-19 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அதில் புலிப்படம் எத்தனை? 76,651. அதாவது 450-க்கும் மேற்பட்ட படங்களுக்கு ஒரு புலி! மீதியெல்லாம் மானும் மாடும் காற்றில் ஆடிய புல்லும் மற்றதும். நாலு நாளில் எனக்குப் புலி முகம் கிடைத்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த பாக்கியத்தை நான் என்ன செய்தேன் என்பதும் கூடவே புரிந்தது.

சாம்பியனைப் பார்த்துக் காமிராவைத் தூக்கியவர்களில் ஜிம் கார்பெட்டும் ஒருவர். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிற அதே கார்பெட்தான். குமாவோன் ஆட்கொல்லிகளைப் பற்றி 1944-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் கடைசி அத்தியாயம் வேட்டையைப் பற்றியதல்ல. புலிகளைச் சினிமாப் படம் பிடித்ததைப் பற்றியது. காமிரா ஓடும் சத்தம் கேட்டதும் புலிகள் மிரண்டன. நம்மைப் போன்றவராயிருந்தால் இன்னும் கிட்டப் போயிருப்போம். கார்பெட் என்ன செய்தார் தெரியுமா? ஒரு காட்டு ஓடையைத் தேர்ந்தெடுத்துக் குறுக்கே சின்ன அணை கட்டினார். தண்ணீர் சலசலவென்று விழுந்தது. அந்தச் சலசலப்பில் காமிராச் சத்தம் அமுங்கிப்போயிற்று. புலிகள் நிம்மதியாக வந்து போயின.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. படத்தைப் பற்றி முதல் அபிப்பிராயம் சொல்வது மாமாவும் அல்ல, ஆபீஸ் நண்பரும் அல்ல. புலிதான். காதால் சொல்கிறது, வாலால் சொல்கிறது, திரும்பிப் போய்விடுவதாலும் சொல்கிறது. கார்பெட் காது கொடுத்துக் கேட்டார். எனக்கும் அது முகத்துக்கு நேரே சொல்லிற்று. நான் கேட்காததால்தான் மாமா மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

சட்டமும் என் பக்கம் இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் வெளியிட்ட விதிமுறைகளில், மிருகங்களிடமிருந்து 20 மீட்டருக்கு மேல் விலகி நிற்கவேண்டும், அவற்றைச் சூழ்ந்து மறிக்கக்கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. 2006-ல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022 கணக்கில் சராசரி 3,682 ஆகியிருக்கின்றன. எத்தனையோ பேர் காட்டில் கண்விழித்துக் காத்த பலன் அது. அந்தப் புலிகளில் ஒன்றின் தண்ணீர்ப் பாதையைத்தான் நான் மறித்தேன்.

* * *

இந்த வருஷம் மார்ச் மாதம் மறுபடியும் போனேன். அதே காடுதான். மாமா சொன்ன குறைகளை ஒரு சீட்டில் எழுதிக் காமிராப் பைக்குள் ஒட்டிக்கொண்டேன்: கண், மட்டம், பின்புலம், ஓரம், காது.

"புது லென்ஸ் வாங்கட்டுமா?" என்று கிளம்புமுன் மாமாவைக் கேட்டேன். அவர் மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னார். நாவலாசிரியர் மாதவையாவின் பிள்ளை. கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-லிருந்து 1996-ல் காலமாகும்வரை இயற்கையைப் பற்றி விடாமல் எழுதியவர். பல உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு பெரிய காமிராவை வைத்துக்கொண்டு கருப்பு-வெள்ளையில் யானையையும் காட்டெருதையும் படம் எடுத்தவர். "அவருக்குக் காடு தெரியும், மிருகம் தெரியும். அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்?" என்றார் மாமா. லென்ஸ் வாங்கும் பணம் மிச்சமாயிற்று.

காட்டில் நான் கண்டுபிடித்த ஆச்சரியம் ஒன்றைச் சொல்கிறேன். கண் மட்டத்துக்கு இறங்கு என்றார் மாமா. புலிக்காட்டில் ஜீப்பை விட்டு இறங்க முடியாதே, என்ன செய்வது? விலகிப் போனாலே போதும்! மொட்டை மாடியிலிருந்து வாசலில் நிற்கிறவரைப் பார்த்தால் உச்சந்தலைதான் தெரியும். அவரே தெருக்கோடியில் நின்றால் முகம் தெரியும். அதே கதைதான். பத்து மீட்டரில் நிற்கும் புலியை ஜீப்பிலிருந்து பார்த்தால் முதுகு தெரியும். ஐம்பது மீட்டரில் நின்றால் பார்வை தாழ்ந்து கிட்டத்தட்ட அதன் கண் மட்டத்துக்கு வந்துவிடும். ஆக, புலிக்கு எது மரியாதையோ அதுவே படத்துக்கும் நல்லதாக இருக்கிறது. இருந்த இருப்பில் ஜீப் இருக்கையில் உட்கார்ந்தே எடுத்தால் இன்னும் விசேஷம்.

கை நடுங்காமல் இருக்க ஒரு துணிப் பையில் அரிசியை நிரப்பி ஜீப்பின் கம்பிமேல் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டேன். ஊரிலிருந்து காலிப் பையை எடுத்துப் போய் அங்கே அரிசி வாங்கிக்கொண்டால் சுமை இல்லை. காமிரா தானாகக் கண்டபடி புல்லைப் பிடிக்காமல் இருக்க, குறியைச் சின்னப் புள்ளியாக்கிப் புலியின் கண்மேல் வைக்கப் பழகினேன். எங்கே பழகினேன் என்கிறீர்கள்? மாமா வீட்டுப் பூனையிடம்தான். துளசி மாடத்துக்குப் பின்னால் அது பதுங்கும்போது, இலைகளுக்கு நடுவே கண்ணைப் பிடிக்க இரண்டு மாதம் பயிற்சி செய்தேன். வெளிச்சத்தையும் கவனித்தேன். புலியின் கன்னத்திலும் புருவத்துக்கு மேலேயும் வெள்ளை ரோமம் உண்டு. வெயில் ஏறிவிட்டால் அது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போய் விவரம் தெரியாது. ஆகவே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுக்கவேண்டும்.

முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் மானும் மயிலும்தான். மூன்றாம் நாள் மாலை, ஒரு குட்டைக்கு எண்பது மீட்டர் தள்ளி நின்றோம். கூட இன்னொரு ஜீப் மட்டும்தான் இருந்தது. ஒரு ஆண் புலி சாவகாசமாக வந்தது. தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாகவே மெல்ல மெல்ல உள்ளே இறங்கிற்று. புலிகளுக்கு அதுவும் ஒரு வழக்கம். முகத்தில் தண்ணீர் படுவது பிடிக்காத குழந்தை வாய்க்காலில் இறங்குகிற மாதிரி! கழுத்து வரை மூழ்கி, முகவாயைக் கரைமேல் வைத்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடிற்று. எங்கேயோ குரங்கு ஒன்று கத்தியது. ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பி, பிறகு முன்னால் வந்தது. எங்களை அது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் கிட்டப் போகட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு நான் இரண்டு வருஷமும் இரண்டடிப் படம் ஒன்றும் செலவழித்திருந்தேன்.

* * *

காட்டுக்கே போகாத நேயர்கள், "இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நீங்கள் எடுப்பது பேத்தியின் பிறந்தநாள் படமாக இருக்கலாம். மாடியில் வந்து உட்காரும் மைனாவாக இருக்கலாம். படமே வேண்டாம், கோலமாகவோ தையலாகவோ பெண் எழுதிய கட்டுரையாகவோகூட இருக்கலாம். அபிப்பிராயம் கேட்பதிலும் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "நன்றாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. "இதில் எது உங்கள் கண்ணை உறுத்துகிறது?" என்று கேளுங்கள். குறை சொல்ல அனுமதி கொடுத்தால்தான் நம்மேல் பிரியமுள்ளவர்கள் வாய் திறப்பார்கள்.

ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். தொழில் தெரிந்தவர் ஒருவர், விஷயம் தெரிந்தவர் ஒருவர், இரண்டும் தெரியாத குழந்தை ஒன்று. புலிப்படம் என்றால், காமிராக்காரர் கண் மங்கலைச் சொல்வார், காட்டில் வேலை செய்தவர் காதைப் பார்ப்பார், குழந்தை, "புலி ஏன் கோபமாக இருக்கிறது?" என்று கேட்கும். என் படத்தைப் பார்த்து எங்கள் எதிர்வீட்டுக் குழந்தை இதையேதான் கேட்டது. நாங்கள் சிரித்துவிட்டு அதன் கையில் பிஸ்கட் கொடுத்து அனுப்பினோம்.

கேட்டபின் பதில் பேசாதீர்கள். "அப்போது வெளிச்சம் இல்லை, ஜீப் ஆடியது" என்று நாம் சொல்லும் காரணங்கள் எதுவும் படத்தோடு கூடவே போய்ப் பார்க்கிறவர் காதில் சொல்லப்போவதில்லை. மூன்று நாள் கழித்துத் தனியாக உட்கார்ந்து பாருங்கள். சொன்னது சரி என்றால் அதற்குள் அதன் கசப்பு போயிருக்கும். தப்பு என்றாலும் தெரிந்துவிடும்.

சொல்கிற இடத்தில் இருந்தால், மாமாவைப் பாருங்கள். அவர் ஆளைக் குறை சொல்லவில்லை. 'உனக்குப் படம் எடுக்க வராது' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கண், குச்சி, மீசை என்று படத்தைத்தான் தொட்டுத் தொட்டுச் சொன்னார். அதைவிட முக்கியம், காப்பி ஆறும்வரை பார்த்தார். அத்தனை நேரம் என் படத்தை வேறு யாரும் பார்த்ததில்லை. பாராட்டியவர்கள் எல்லோரும் ஐந்து விநாடிக்குள் பாராட்டிவிட்டார்கள்.

* * *

புதுப் படத்தை மாமா வீட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். இந்தப் படத்தில் புலி சின்னதுதான். சுற்றிலும் குட்டையும் காய்ந்த புல்லும் மாலை வெயிலும் இருக்கின்றன. மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பூனை வந்து அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டது. நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

"கண் இருக்கிறது" என்றார்.

காத்திருந்தேன்.

"காது நிம்மதியாக இருக்கிறது. நீ அங்கே இருந்ததே அதற்குத் தெரியாது போல."

"தெரியும் மாமா. லட்சியம் செய்யவில்லை."

"அதுதான் வேண்டும்." படத்தைத் திருப்பிக் கொடுக்கப்போனவர் மறுபடி கையில் வாங்கிக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். "ஆனால் குட்டை இடது பக்கம் சரிந்திருக்கிறதே அம்மா. புலி வழிந்து கீழே விழுந்துவிடும் போலிருக்கிறது."

வீட்டுக்கு வந்து ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். சரிந்துதான் இருக்கிறது. கூடத்துச் சுவரில் அந்தப் பழைய ஆணி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த மார்ச்சுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.